ஏழு சகோதரிகளா, நாலு சகோதரிகளா?

பால்கனிராஜா:
நார்வே கப்பல் பயணம் போய்க் கரையில் சுற்றுலா எடுக்காதவன் பாதிப் பயணம்தான் போனவன் என்று தரைகண்டான் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போன ஆகஸ்ட் கடைசியில் கெய்ராங்கர் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஒடுங்கிய கடல்) 15 கிலோமீட்டரையும் பால்கனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, காபியோடு பார்த்தவன் நான். காலில் செருப்புகூட இல்லை. அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஏழாக விழுகிற ஏழு சகோதரிகள் அருவி, ஆகா ஓகோ என்கிறார்களே, விரல்விட்டு எண்ணினேன். நாலுதான்.

தரைகண்டான்:
நாலா? ஜூனில் நான் ஏழையும் பார்த்தேன். படகுக்காரர் அருவிக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். சாரலில் மூக்குக்கண்ணாடி நனைந்து, துடைக்கச் சட்டையில் உலர்ந்த முனை ஒன்றுகூட மிச்சமில்லை. சரி, உங்கள் அறை எந்தப் பக்கம்?

பால்கனிராஜா:
வலப்பக்கம். அதற்கென்ன?

தரைகண்டான்:
போச்சு. கப்பல் உள்ளே போகும்போது சகோதரிகள் இடப்பக்கம். எதிர்க்கரையில் இருப்பது அவர்களைப் பெண் கேட்டு வந்தவன் பெயரில் உள்ள அருவி. ஏழு பேரும் மாட்டேன் என்றதும் குடியில் இறங்கிவிட்டானாம், தண்ணீரும் பாட்டில் வடிவத்தில் விழுகிறது. நீங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பெண்களை எண்ணியிருக்கிறீர்கள்!

பால்கனிராஜா:
போன கப்பல் திரும்பி வராதா ஐயா? வரும்போது அவர்கள் எந்தப் பக்கம்? வலப்பக்கம்தானே! மாப்பிள்ளை ஒருத்தன். ஒருத்தனை நாலாக எண்ணும் அளவுக்கு நான் அன்று குடிக்கவில்லை. நாலு.

பர்கன் அக்கா:
தம்பிமார், கொஞ்சம் பொறுங்கோ. அது பனி உருகி வாற தண்ணீர். மே, ஜூனில் பொங்கும். ஆகஸ்ட் கடைசியில் மெலிந்துவிடும், ஒன்றிரண்டு காணாமலும் போகும். இரண்டு பேரும் பார்த்தது சரியாகவே இருக்கலாம்.

பால்கனிராஜா:
கேட்டீர்களா? அங்கேயே வாழ்கிற அக்காவே நாலு என்று சொல்லிவிட்டார்.

பர்கன் அக்கா:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

மோர்க்குழம்பு:
ஓலசுந்து ஊரில் குன்றின் உச்சிக்கு 418 படி ஏறி எனக்கு முட்டி போனதுதான் மிச்சம். அது கிடக்கட்டும். ஃபுளோம் மலை ரயிலுக்குக் கப்பலில் பதிவதா, டிக்கெட்டை நாமே வாங்கிக்கொள்வதா? யாராவது சொல்லுங்கள்.

தரைகண்டான்:
20 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம், 860 மீட்டருக்கு மேல் ஏறும். கோடையில் ஷோஸ்ஃபோசன் அருவியில் சில நிமிடம் நிறுத்துவார்கள். சிவப்பு உடையில் ஒரு பெண் பாறைமேல் நின்று ஆடுவார், ஹுல்ட்ரா என்கிற வனமோகினி வேடம். கப்பலின் சொந்தச் சுற்றுலா என்றால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். தனியாகப் போனால் உங்கள் பாடு.

பால்கனிராஜா:
ஆக, சினிமா டான்ஸ் பார்க்க ஒரு ரயில் டிக்கெட்! ஆடியவர் எத்தனை பேர்? ஏழு என்று எண்ணியிருப்பீர்களே. போன வருடம் பர்கனுக்குக் குடை வேண்டாம் என்று எழுதியவரும் இவர்தான். வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊருக்கு! நம்பிப் போய் நனைந்தேன், மறக்கவில்லை.

தரைகண்டான்:
காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு எடுங்கள் என்று எழுதினேன். பாதியோடு நிறுத்தினால் நான் என்ன செய்வது? அருவியிலும் பாதிதானே தெரிந்திருக்கிறது.

பால்கனிராஜா:
நாலு, ஏழில் பாதியா? கணக்கும் அவ்வளவுதானா.

பர்கன் அக்கா:
பால்கனியில் இருக்கிற உங்களுக்குப் புகை தெரியாது, கரையில் நிற்கிற சனத்துக்குத்தான் தெரியும். கெய்ராங்கர் மாதிரி உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் மொத்த டன் அளவு 10,000க்குக் குறைந்த பயணக் கப்பல்களுக்கு 2026 முதல் புகையில்லா ஓட்டம் கட்டாயம். பெரியவற்றுக்கு 2032 வரை தவணை.

பால்கனிராஜா:
அருவியைப் பற்றிப் பேசினால் புகைக்குப் போகிறார்கள். என்னிடம் படமே இருக்கிறது.

தரைகண்டான்:
போடுங்களேன், எண்ணிவிடுவோம்.

பால்கனிராஜா:
மூடுபனியாக இருந்தது. படத்தில் மூன்றுதான் விழுந்திருக்கிறது. நான்காவதைக் கண்ணால் பார்த்தேன்.

மோர்க்குழம்பு:
அப்போ மூன்றா?

பால்கனிராஜா:
நாலு!