மீன் வீட்டு மருமகளுக்கு மீன் வாசம் ஆகல. எல்லாமே ஹார்மோனா?

துறைமுகத்து மருமகள், கடலூர் ஓ.டி.:

அக்காங்களே, எனக்கு இது தலைச்சன், 11வது வாரம் நடக்குது. மாமியார் மீன் விக்கிறவங்க. விடியக்காலம் ஏலம் எடுத்து, மஞ்சக்குப்பம் பக்கம் தெருத்தெருவா வித்துட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்புவாங்க. அவங்க தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். கூடையில விக்காத சங்கரா நாலு கிடந்தாலே போதும், கொல்லைப்பக்கம் ஓடிடுவேன். நான் பொறந்தது சோனாங்குப்பம், வாக்கப்பட்டதும் மீன் வீடு. "மீன் தின்னு வளந்தவளுக்கு மீன் நாறுதாமே"ன்னு தெருவே சிரிக்குது.

வாந்தி மட்டும்னா பொறுத்துக்குவேன். பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம். பயந்துபோய் நாலு நாளா பிரஷ்ஷையே தொடல, உப்புத் தண்ணியில கொப்பளிக்கிறதோட சரி. ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுது. வெளிக்கி மூணு நாளைக்கு ஒருக்கா. வயிறு இன்னும் மேடு தட்டவே இல்ல, ஆனா மாடிக்குத் துணி காயப்போட ஏறினா மூச்சு வாங்குது.

டாக்டர்கிட்ட ஒவ்வொண்ணா சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் "ஹார்மோன்மா"ன்னாங்க. மூச்சு வாங்குறதைச் சொல்லி முடிக்கல, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. ஹார்மோன்னா ஒண்ணா, பத்தா? எது எதைப் பண்ணுது? எப்ப அடங்கும்?

ரிட்டயர்டு சிஸ்டர், முத்தியால்பேட்டை:

முதல்ல பிரஷ்ஷை எடு கண்ணு, மத்ததை அப்புறம் பேசலாம். மாசமா இருக்கிறப்ப ஈறுக்கு ரத்த ஓட்டம் கூடும். பல்லிடுக்குல கொஞ்சம் அழுக்கு தங்கினாலே ஈறு கோச்சுக்கிட்டு வீங்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான்னு ரெண்டு ஹார்மோன் சேந்து பண்ற வேலை அது. தேய்க்காம விட்டா அழுக்கு கூடும், ரத்தமும் கூடும். மெத்து பிரஷ்ஷா வாங்கி ரெண்டு வேளை தேய். பல் டாக்டர்கிட்ட போய் கிளீன் பண்ணிக்கலாம், மாசமா இருக்கேன்னு சொல்லிட்டுப் பண்ணு. வாந்தி எடுத்த உடனே தேய்க்காத. வாயில புளிப்பு இருக்கும், பல்லு அரிக்கும். தண்ணியில கொப்பளிச்சிட்டு அரைமணி கழிச்சுத் தேய்.

நான் பிரசவ வார்டுல 31 வருஷம் இருந்தவ. ஹார்மோன் ஒண்ணு இல்ல, ஒரு கூட்டம். நீ வீட்டுல டெஸ்ட் பண்ணி ரெண்டு கோடு பாத்திருப்பியே, அந்தக் கோட்டைப் போட்டது எச்சிஜிங்கிற ஹார்மோன். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா ரெண்டு மடங்காகும், பத்தாவது வாரத்தை ஒட்டி உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும். முட்டை வெளிவந்த இடத்துல சினைப்பையில ஒரு மஞ்சள் திட்டு இருக்கும். அது புரோஜெஸ்ட்ரான் சுரக்கணும். நஞ்சுக்கொடி வளந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கிற வரைக்கும் அந்தத் திட்டைத் தூங்கவிடாம பாத்துக்கிறது எச்சிஜிதான்.

உன் நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், மூச்சு மூணுக்கும் ஒரே ஆள்தான், புரோஜெஸ்ட்ரான். கர்ப்பப்பை சுருங்காம இருக்கணும்னு தசையைத் தளத்துறது அதோட வேலை. அதே ஜாதித் தசை இரைப்பை வாசல்லயும் இருக்கு, குடல்லயும் இருக்கு. இது கர்ப்பப்பை, இது குடல்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது, எல்லாத்தையும் தளத்திடும். வாசல் தளந்தா புளிப்பு மேல ஏறுது. குடல் மெதுவா நகந்தா தண்ணியெல்லாம் உறிஞ்சிப்போய் மலம் கெட்டிப்படுது. மூச்சு விஷயத்துல அது மூளையையே போய்ச் சீண்டுது, 'இன்னும் ஆழமா இழு'ன்னு. வயிறு மேடு தட்டறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்குறது அதனாலதான்.

ஆனா சும்மா உக்காந்திருக்கப்பவே மூச்சு வாங்கினாலோ, படபடன்னு அடிச்சாலோ ஹார்மோன் தலையில போடாத. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பாரு. 11க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. தண்ணி கூட வயித்துல தங்கலன்னா, ஒண்ணுக்கு கொஞ்சமா மஞ்சளடிச்சுப் போனா, எடை இறங்கினா, அன்னைக்கே போய் டிரிப் போட்டுக்கோ. கடைசி மாசங்கள்ல உள்ளங்கை, உள்ளங்கால் அரிச்சா, அதுவும் ராத்திரியில, பித்தநீருக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லு. அதுக்கும் ஹார்மோன்தான் காரணமா இருக்கலாம், ஆனா அது சும்மா விடுற சங்கதி இல்ல.

எப்ப அடங்கும்னு கேட்டல்ல? முக்காவாசி பேருக்கு வாந்தி 16லருந்து 20 வாரத்துக்குள்ள அடங்கிடும். நெஞ்செரிச்சல் போகாது, வயிறு பெருக்கப் பெருக்க இன்னும் கூடும். பொய் சொல்ல மாட்டேன். தலைமாட்டை ஒசத்திப் படு, சாப்ட உடனே படுக்காத.

நெல்லிக்குப்பத்துக்காரி:

சிஸ்டர் சக்கரையை விட்டுட்டாங்க. நஞ்சுல சுரக்கிற சில ஹார்மோன் அஞ்சாறு மாசத்துக்கு மேல இன்சுலினை வேலை செய்யவிடாது. பிள்ளைக்குச் சக்கரை போய்ச் சேரணும்னு அம்மா உடம்பு பண்ற ஏற்பாடு. நம்ம கணையத்தால ஈடு கொடுக்க முடியலன்னா சக்கரை ஏறிடும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலக்கிக் குடிக்கச் சொல்லி ரெண்டு மணிநேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, 140 வந்தாலே சக்கரைன்னு அர்த்தம். எனக்கு முதல் தடவை குடிச்சது அப்படியே வெளிய வந்து பெஞ்சுக்குக் கீழ ஊத்திடுச்சு. இன்னொரு நாள் வரச்சொன்னாங்க. வந்தது 152. பண்ருட்டி பலாச்சீசன் வேற! வீட்டுல பழம் அறுத்து வெச்சிருக்க, நான் கேழ்வரகு அடையும் சுண்டலுமா உக்காந்திருந்தேன். பிள்ளை பொறந்ததும் இறங்கிடுச்சு, ஆறு வாரம் கழிச்சும் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். முதல் டெஸ்ட்ட இப்பவே கேட்டு எடுத்துடு, அப்புறம் 24 வாரத்துக்கு மேல இன்னொருக்கா.

விலங்கியல் டீச்சர், வில்லியனூர்:

வாந்திக்கு எச்சிஜிதான் காரணம்னு ரொம்ப நாளா பேசிட்டிருந்தாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி இறங்குறதால. 2023 டிசம்பர்ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு வேற ஆளைக் காட்டுது. ஜிடிஎஃப்15ன்னு ஒரு ஹார்மோன். எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கிறதுதான், கர்ப்பத்துல நஞ்சுலருந்து ரொம்ப வருது. முன்னாடி யாருக்கு அது கம்மியா இருந்துச்சோ அவங்களுக்குப் பழக்கம் இல்லாததால வாந்தி ஜாஸ்தி. அந்த ஆய்வைப் பண்ணினவங்கள்ல ஒருத்தரான மார்லீனா ஃபெய்சோ, 1999ல இதே கடும் வாந்தியில வயித்துப் பிள்ளையை இழந்தவங்க. அவங்க பட்ட பாட்டையும் அப்போ டாக்டர் பெருசா எடுத்துக்கலையாம். அதனால தெரு சிரிச்சா சிரிக்கட்டும்மா, இது உன் பவுசு இல்ல.

துறைமுகத்து மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. பிரஷ் பண்ணேன் சிஸ்டர். முதல் ரெண்டு நாள் செவப்பாத்தான் துப்பினேன், இன்னைக்கு லேசா ரோஸ். ஹீமோகுளோபின் 10.4. கிராம சுகாதார நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, பாலோடயும் டீயோடயும் போடாதன்னாங்க. சக்கரைக்கு வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்காங்க.

அத்தைகிட்ட டீச்சர் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. மறுநாள் பத்தாச்சு, பத்தரையாச்சு, ஆளையே காணோம். எட்டிப் பாத்தா, தெருக்குழாயடியில உக்காந்து அன்னக்கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சிட்டிருக்காங்க. மீதி மீனைப் பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியில போட்டுட்டாங்களாம். "என் புள்ள வயித்துல இருந்தப்ப எனக்குக் கருவாடு ஆகல. யார்கிட்ட சொல்றது, எங்க வீட்டுல அதான் பொழப்பு"ன்னாங்க. இவ்வளவு நாள் இதைச் சொல்லவே இல்ல!