இன்டக்ஷன் அடுப்பு பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
எங்கள் வீட்டில் இருப்பது 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பு. வாரண்டி முடிந்துவிட்டது. பால் காய்ச்ச, டீ போட ஒரு குறையும் இல்லை. பருப்பு, குழம்பு என்று நேரம் எடுக்கும் எதை வைத்தாலும் பத்து நிமிடத்தில் பீப் அடித்து நின்றுவிடுகிறது. திரையில் ஏதோ எர்ரர் எண் வருகிறது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. அடுத்த சிலிண்டர் வரும்வரை இதை நம்பித்தான் சமையல், மாமியாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ரிப்பேர் செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

பதில்:
எர்ரர் எண்ணுக்கு அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்கள் அடுப்போடு வந்த கையேட்டைப் பாருங்கள். ஆனால் ஆறினால் ஓடுகிறது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் உள்ளே சூடு ஏறித்தான் நிற்கிறது. பாத்திரம் சேரவில்லை என்றால் வைத்த உடனேயே பீப் அடிக்கும், பத்து நிமிடம் காத்திருக்காது. அடுப்பு ஓடும்போது காற்று வெளியே வரும் துவாரத்தருகே கையை வைத்துப் பாருங்கள். காற்று வருகிறதா? அடியில் பேப்பர், பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். விசிறி கீழிருந்துதான் காற்றை இழுக்கிறது.

பதில்:
அக்கா, எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்டில் நேராகப் போடுங்கள். பிளக் தொட்டால் சுட்டாலோ நிறம் மாறியிருந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

கேட்டவர்:
16 ஆம்பியர் பாயின்டில்தான் இருக்கிறது. அடியில் எதுவும் விரிக்கவில்லை. ஆனால் காற்று துளியும் வரவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை.

பதில் (அடுப்பு ரிப்பேர் செய்பவன்):
அப்படியானால் விசிறிதான். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகியிருக்கும், இல்லையென்றால் கரப்பான் சிக்கியிருக்கும். இனி இதில் சமைக்காதீர்கள், அதுதான் முக்கியம். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கு மின்சாரத்தை வேகமாக மாற்றி மாற்றி அனுப்புவது ஐஜிபிடி என்ற பாகம். அதைக் குளிர வைப்பதே இந்த விசிறி. சூட்டில் அது போனால் ஃப்யூஸையும் சேர்த்துக் கொண்டுபோகும், செலவு கூடிவிடும். இப்போதே கொடுத்தால் விசிறியை மட்டும் மாற்றினால் போதும். நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கண்ணாடியில் விரிசல் ஏதும் இருந்தால் கடையில் மறக்காமல் சொல்லுங்கள், அந்த வழியாகப் பொங்கிய பால் உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

கேட்டவர்:
விசிறியை மாற்றித் தந்துவிட்டார்கள். பருப்பு முழுதாக வெந்தது, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம்: இரும்பு தோசைக்கல்லை இதில் வைக்கலாமா?

பதில்:
தாராளமாக வைக்கலாம், காந்தம் ஒட்டும் அடி எதுவும் சூடாகும். வெறும் அலுமினியம், பித்தளைதான் ஆகாது. கல்லின் அடி தட்டையாக இருக்க வேண்டும். சுருள் இருக்கும் நடுப்பகுதிதான் முதலில் காயும் என்பதால் குறைந்த சூட்டில் வைத்து ஓரம் வரை பரவவிட்டு ஊற்றுங்கள். கல்லை இழுத்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள், கண்ணாடி கீறாது.