/20 வந்தால் சப்நெட்டிங் கணக்கு தவறிவிடுகிறது. எங்கே பிழை?

கேள்வி: வேளச்சேரி மாணவன்

வணக்கம். தரமணியில் ஹெல்ப்டெஸ்க்கில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே சிசிஎன்ஏ என்னும் கணினி வலையமைப்புத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கில் /24 முதல் /30 வரையுள்ள கணக்குகளைத் தடையின்றிப் போட்டுவிடுகிறேன். /23, /20 என்று இறங்கியவுடன் தடுமாறுகிறேன். நேற்றைய கணக்கு இது: 172.16.45.77/20 என்னும் முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று காட்டும் மாஸ்க் 255.255.240.0 என்று எழுதி, 256 இலிருந்து 240 ஐக் கழித்து 16 என்று கண்டு, பதினாறு பதினாறாக எண்ணி, 172.16.45.64 இல் தொடங்கி 172.16.45.79 இல் முடிகிறது என்று விடை எழுதினேன். விடைப் பகுதியிலோ 172.16.32.0 என்று இருக்கிறது. அந்த 32 எங்கிருந்து வந்தது என்பதே விளங்கவில்லை. பயிற்சி நிலையத்தில் கொடுத்த அட்டவணையை முழுவதும் மனப்பாடம் செய்தும் பயனில்லை. மூத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: அம்பத்தூர் வலையர்

தம்பி, 16 என்று நீங்கள் கண்டது சரி. அதை எண்ணிய இடம்தான் தவறு. 240 என்பது மாஸ்க்கின் மூன்றாவது ஆக்டெட்டில் (புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களில் ஒவ்வொன்றும் 8 பிட் கொண்ட ஓர் ஆக்டெட்) நிற்கிறது. ஆகவே பதினாறின் மடங்கை முகவரியின் மூன்றாவது ஆக்டெட்டான 45 இல் தேட வேண்டும். நீங்கள் 77 இல் தேடியிருக்கிறீர்கள். /24 க்கு மேற்பட்ட கணக்குகளில் எல்லை எப்போதும் கடைசி ஆக்டெட்டிலேயே விழுவதால் உங்கள் கை அங்கேயே போய்ப் பழகிவிட்டது.

0, 16, 32, 48 என்று எண்ணினால் 45 என்பது 32 க்கும் 48 க்கும் இடையில் வருகிறது. எனவே நெட்வொர்க் 172.16.32.0, அடுத்தது 172.16.48.0, அதற்கு ஒன்று முன்னால் இருக்கும் 172.16.47.255 தான் பிராட்காஸ்ட், அதாவது அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பும் முகவரி. மொத்தம் 32 பிட்டில் 20 போக ஹோஸ்ட்டுக்கு, அதாவது நெட்வொர்க்கில் உள்ள கணினி முதலிய கருவிகளுக்கு, மிஞ்சுவது 12 பிட். அதில் வரும் 4096 முகவரிகளிலிருந்து நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்ற இரண்டைக் கழித்தால் 4094.

ஏன் இப்படி என்பதை ஒரு முறையாவது பைனரியில் எழுதிப் பாருங்கள். 45 என்பது 00101101. /20 இல் முதல் இரண்டு ஆக்டெட்டுகளுக்கு 16 பிட் போக, மூன்றாவதில் நான்கு பிட் மட்டுமே நெட்வொர்க்குக்கு உரியது. 0010 க்குப் பின் ஒரு கோடு கிழித்து, வலப்பக்கம் முழுவதையும் சுழியமாக்கினால் 00100000, அதாவது 32. முழுவதையும் ஒன்றாக்கினால் 47.

நம் பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி 600042, தியாகராய நகர் 600017. இரண்டிலும் 600 பொது, பின்னுள்ள மூன்று இலக்கம் அஞ்சலகத்தைக் காட்டுகிறது. அங்கே வெட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது. ஐபி முகவரியில் வெட்டு நகர்கிறது; எங்கே என்று சொல்வதுதான் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்.

பதில்: மயிலாப்பூர் வாசகி

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஆனால் தேர்வு அறையில் ஒவ்வொரு கணக்குக்கும் பைனரி எழுத நேரம் இருக்காது. மொத்தம் 120 நிமிடம்தான், கால்குலேட்டர் கிடையாது, விட்டுச்சென்ற கேள்விக்குத் திரும்பி வரவும் முடியாது. 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற வரிசையை மட்டும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் மாஸ்க், தொகுதி அளவு இரண்டும் அதிலிருந்தே கிடைத்துவிடும். இன்னொன்று: இரண்டைக் கழிக்கும் விதி /31 க்குப் பொருந்தாது. இரண்டு ரௌட்டர்களை நேரடியாக இணைக்கும் இணைப்பில் அந்த இரண்டு முகவரிகளையும் பயன்படுத்தலாம் என்று 2000 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3021 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் வகுத்திருக்கிறது.

பதில்: வேளச்சேரி மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. 10.1.200.9/18 ஐ இப்போது போட்டுப் பார்த்தேன். மாஸ்க் 255.255.192.0, தொகுதி 64, மூன்றாவது ஆக்டெட்டில். 200 என்பது 192 ஐத் தாண்டியது. ஆகவே நெட்வொர்க் 10.1.192.0, பிராட்காஸ்ட் 10.1.255.255. சரிதானா?

பதில்: அம்பத்தூர் வலையர்

முழுக்கச் சரி, தம்பி. இதே கணக்கில் 10.1.200.255 என்னும் முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 255 இல் முடிவதைப் பார்த்தவுடன் பிராட்காஸ்ட் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். இங்கே அது சாதாரண ஹோஸ்ட் முகவரி, தாராளமாகக் கொடுக்கலாம். 10.1.201.0 என்பதும் அப்படியே.