நியூசிலாந்து கேன்டர்பரி ராட்டைக் குழு: மூன்று ஃப்ளீஸ் வந்திருக்கிறது

ரவி அண்ணா: வணக்கம் மக்களே. வழியில் ஒரு பண்ணைக்காரர் மூன்று ஃப்ளீஸ், அதாவது மூன்று செம்மறி ஆட்டின் முழு ரோமம், கொடுத்தார். இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. காசு வேண்டாம் என்றுவிட்டார். கார் முழுக்க ஆட்டு வாசம். யாருக்கு வேண்டும்?

சுதா: கறுப்பு எனக்கு!!

தர்ஷினி: ஐயோ, அதைத்தான் நானும் கேட்க வந்தனான் 😄

கமலா அக்கா: முதலில் என்ன இனம் என்று சொல்லு ரவி.

ரவி அண்ணா: ராம்னியாம். போன வாரம்தான் கத்தரித்தார்களாம். ஏன் சும்மா தருகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

கமலா அக்கா: ராம்னி தடிப்பான முடி, பெரும்பாலும் 33 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அதிகமும் கார்ப்பெட்டுக்குப் போகிற ரகம். கார்ப்பெட் எல்லாம் நைலானுக்கு மாறிய பிறகு விலை விழுந்துவிட்டது. பல வருஷம் கத்தரிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. கறுப்பு இன்னும் பாவம். வெள்ளை மூட்டையில் நாலு கறுப்பு முடி கலந்தாலும் சாயம் போடும்போது காட்டிக்கொடுத்துவிடும் என்று வியாபாரிகள் ஒதுக்குவார்கள். நம்மைப் போல ராட்டை வைத்திருப்பவர்கள்தான் அதற்கு அடித்துக்கொள்வோம்.

பாலா மாமா: 1982இல் இந்த நாட்டில் 7 கோடி செம்மறி ஆடு. ஆளுக்கு 22! இப்போது இரண்டரைக் கோடிகூட இல்லை. எங்கே பார்த்தாலும் பால்மாடு, பைன் மரம்.

கமலா அக்கா: மாமா, கணக்கு அப்புறம். ரவி, அதை எதில் வைத்திருக்கிறாய்?

ரவி அண்ணா: கறுப்புக் குப்பைப் பையில், வாயைக் கட்டி.

கமலா அக்கா: உடனே வெளியே எடு. ஈரம் உள்ளேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி கராஜில் வை.

சுதா: அக்கா, கறுப்பை இன்றைக்கே எடுத்துவந்து ஊறவைத்துவிடட்டுமா?

கமலா அக்கா: அவசரப்படாதே. பிரித்துப் பார்க்காமல் தண்ணீரில் போடவே கூடாது. வெட்டின பக்கம் கீழே, நுனி மேலே இருக்கிற மாதிரி உதறி விரித்தால் ஆட்டுத் தோலை விரித்த மாதிரி அப்படியே முழுசாகக் கிடக்கும். கழுத்து எது, வால் எது என்று தெரியும். அப்புறம் சுற்றி வந்து ஓரத்தைப் பிய்த்துப் போட வேண்டும்: பின்பக்கம் புழுக்கை காய்ந்து ஒட்டினது, வயிற்று முடி, கழுத்தில் வைக்கோல் சிக்கினது. மனசே வராது. ஆனால் இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் ராட்டையில் உட்கார்ந்து ஒவ்வொரு துரும்பாகப் பொறுக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் கழுவுவதைவிட இதுதான் பெரிய வேலை. நாலு பேர் சுற்றி நின்று கதை பேசிக்கொண்டே செய்தால் அலுப்பே தெரியாது.

தர்ஷினி: உதறேக்க குட்டிக் குட்டித் துண்டாக் கொட்டுமே, அது?

கமலா அக்கா: கத்தரிக்கிறவர் ஒரே இடத்தில் இரண்டாம் முறை மெஷினை ஓட்டியிருப்பார். அதையும் தட்டிவிடணும். விட்டால் நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும்.
கமலா அக்கா: ரவி, ஒரு சோதனை செய். பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து உருவி, இரண்டு முனையையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழு. மூன்றிலும் செய்து பார்.

ரவி அண்ணா: 🎤 ஒலிச்செய்தி (0:09)
ரவி அண்ணா: கறுப்பும் ஒரு வெள்ளையும் ‘டிங்’ என்கிறது. இன்னொரு வெள்ளை சரசரத்தது, நடுவில் அறுந்து கையோடு வந்துவிட்டது.

கமலா அக்கா: அதை நூற்க வேண்டாம். குளிர்காலத்தில் தீனி போதாமலோ நோய்ப்பட்டோ இருந்திருக்கும் அந்த ஆடு. அந்தச் சமயம் வளர்ந்த இடத்தில் முடி மெலிந்துபோகும். சீப்பில் மாட்டினால் எல்லாம் அங்கேயே அறும். தக்காளிச் செடிக்கு அடியில் பரப்பு, ஈரம் நிற்கும்.

சுதா: மாமியார் கேட்கிறார்கள், பூந்திக்கொட்டை போட்டுக் கழுவலாமா என்று. ஊரில் பட்டுக்கு அதுதானாம்.

கமலா அக்கா: நெய்த சால்வைக்கு அருமையாக இருக்கும். இதற்குப் போதாது. இதில் இருக்கிற கொழுப்பு 40 டிகிரி கிட்டதான் உருகவே ஆரம்பிக்கும். அதனால் 60 டிகிரி தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு நீர். துணி துவைக்கிற வலைப்பையில் கொஞ்சமாகப் போட்டு, அமுக்கிவிட்டு கையை எடுத்துவிட வேண்டும். கசக்கினால் கட்டி தட்டிப் பாயாகிவிடும். குழாயை நேராக அதன்மேல் திறக்கவும் கூடாது. தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிடணும், இல்லையென்றால் கொழுப்பு திரும்ப ஒட்டிக்கொள்ளும். அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

தர்ஷினி: இங்க கொஞ்சப் பேர் மழைத்தண்ணியில ஒரு கிழமை ஊறப்போட்டே எடுக்கினம். ஆட்டின்ர வேர்வை உப்பே சோப்பு மாதிரி வேலை செய்யுமாம். கரண்ட் செலவும் இல்லை.

சுதா: அந்த நாற்றம் என் வீட்டு வேலி தாண்டி வரும் தர்ஷினி. வேண்டவே வேண்டாம்.

கமலா அக்கா: முறை நல்ல முறைதான். ஆனால் பண்ணையில் இருப்பவர்களுக்கு. நமக்கு அக்கம்பக்கம் வேண்டும்.

பாலா மாமா: நான் பெங்களூரில் இருந்தபோது சள்ளகெரேயில் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்க்கிற குறுபர்கள் கம்பளிக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். நனைந்தாலும் சுலபமாக உள்ளே இறங்காது, அவ்வளவு விறைப்பு.

தர்ஷினி: புளியங்கொட்டையோ! மாமா, அதையும் ஒருநாள் செய்து பார்ப்பம்.

சுதா: கறுப்பு விஷயம் இன்னும் முடியவில்லை 🙄

கமலா அக்கா: கழுத்திலிருந்து வால்வரை முதுகு வழியே இரண்டாகப் பிரியுங்கள். குறுக்கே வெட்டினால் தோள்பட்டை மெல்லிய முடி ஒருத்திக்கும், தொடை முரட்டு முடி இன்னொருத்திக்கும் போய்விடும். நுனி வெயிலில் செம்பட்டையாகி இருக்கும், சேர்த்துக் கார்டு பண்ணினால், அதாவது முள்சீப்பால் வாரினால், காப்பிக்கொட்டை நிறம் வரும். சாயமே வேண்டாம்.

சுதா: சரி, பாதி பாதி. வெள்ளைக்கு மஞ்சள் தூள்?

கமலா அக்கா: மஞ்சள் வெயில் பட்டால் வெளிறிவிடும். வெங்காயத் தோல் சேர்த்து வையுங்கள், என்னிடம் படிகாரம் இருக்கிறது. நல்ல பொன்னிறம் பிடிக்கும்.

ரவி அண்ணா: சனிக்கிழமை நார்வெஸ்டர் அடிக்கும் என்று போட்டிருக்கிறான்.

கமலா அக்கா: நல்லதாகப் போயிற்று, அந்த அனல் காற்றில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். மேலே வலை போட்டுக் கட்டவில்லையென்றால் லிட்டில்டன் துறைமுகம் வரை பறக்கும். வாஷிங் மெஷினில் பிழிகிற சுற்று மட்டும் ஓட்டிவிட்டுக் காயப்போடுவோம். 10 மணிக்கு என் கராஜ். கொழுப்புத் தண்ணீரை யாரும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், செடிக்கு.

தர்ஷினி: நான் கைக்கார்டரும் வலைப்பையும் கொண்டு வாறன். சாப்பாடு?

கமலா அக்கா: புளியோதரை என் பொறுப்பு. கை கழுவாமல் எவரும் பாத்திரத்தைத் தொடக் கூடாது, மாமாவுக்கும் சேர்த்துத்தான்.

பாலா மாமா: 👍 ஸ்பூன் கொண்டு வருகிறேன்.