எல்லைப்பக்கம் இருந்துகொண்டு ஆன்லைனில் கடை நடத்துகிறவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மார்த்தாண்டம், தேனும் கருப்பட்டியும்:

வெப்சைட் போடுவதுதான் பெரிய வேலை என்று பலர் தயங்கி நிற்கிறார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு கடை அமைத்துத் தருகிற தளங்கள் நிறைய இருக்கின்றன. போட்டோ ஏற்றி, விலை போட்டு, ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேயை இணைத்துவிட்டால் கடை திறந்தாயிற்று. பார்சல் கட்டத் தொடங்கும்போதுதான் உண்மையான வேலை தெரியும். அதிலும் நம்மைப்போல எல்லையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வினோதம் உண்டு.

களியக்காவிளை தாண்டினால் கேரளா. பாறசாலைக்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து நம் கடையில் ஒரு பாட்டில் தேன் வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை. அதே மனிதர் வீட்டில் இருந்தபடி ஆர்டர் போட்டு நாம் பார்சல் அனுப்பினால், அது மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு. எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னைக்கு அனுப்புவதோ மாநிலத்துக்குள்! பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு செல்லாது, முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். லேபிள் ஒட்டிப் பாட்டிலில் அடைத்த தேனுக்கு வரி உண்டு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பெரிய ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை வந்தது, பதிவு இல்லாமலே விற்கலாம் என்று. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். எங்களுக்குப் பாதி ஆர்டர் கேரளாவிலிருந்து வரும் என்று தெரியும், அதனால் பதிவை முடித்துவிட்டுத்தான் கடையைத் திறந்தோம். ஐந்து கோடிக்குக் கீழே விற்பனை என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னை, அதாவது வரிக்கணக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் வசதி இருக்கிறது, ஆடிட்டரிடம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகித வேலை போதும். தேன் கதைக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் அதிகமாக வந்த புகார், "ஒரு கிலோ என்று போட்டுவிட்டு முக்கால் லிட்டர்கூட இல்லாத பாட்டில் அனுப்புகிறீர்களே" என்பதுதான். தண்ணீரைவிடத் தேன் கனம். ஒரு கிலோ தேன் ஏறக்குறைய 700 மில்லிதான் வரும். இதைப் போனில் விளக்கி விளக்கி வாய் வலித்துப் போனது. அப்புறம் தராசில் பாட்டிலை வைத்து, முள் தெரிகிறமாதிரி ஒரு போட்டோ எடுத்துப் பொருள் பக்கத்தில் முதல் படமாகவே போட்டேன். அந்தக் கேள்வி நின்றுவிட்டது. இரண்டாவது, உறைகிற தேன். அடியில் சர்க்கரைமாதிரி மணி மணியாகப் படிந்தால் உடனே கலப்படம் என்று மெசேஜ் வரும். குளுக்கோஸ் அதிகம் உள்ள தேன் உறையத்தான் செய்யும், இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இதைத் தமிழிலும் மலையாளத்திலும் சின்னச் சீட்டாக அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறோம். திருவனந்தபுரத்துச் சேச்சிமார் "இது ஒரிஜினல் ஆணோ?" (அசல்தானா?) என்று கேட்காமல் வாங்கவே மாட்டார்கள். கேட்கிறவர்களுக்குத் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு நிமிட வீடியோ அனுப்புவேன். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. அதைச் சொன்னால் அவர்களுக்கே ஆர்வம் வந்துவிடும்.

ஒழுகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிக்கு உள்ளே அலுமினியச் சீல் இல்லாமல் தேன் அனுப்பவே கூடாது. கையடக்கச் சீல் மிஷின் வாங்கிக்கொள்ளலாம். சீல் போட்டதும் பாட்டிலை ராத்திரி முழுக்கப் பழைய பேப்பர்மேல் தலைகீழாக நிறுத்தி வைப்போம். காலையில் பேப்பரில் கறை இருந்தால், அல்லது எறும்பு வரிசை வந்திருந்தால், அந்தப் பாட்டில் போகாது. எறும்பைவிட நல்ல இன்ஸ்பெக்டர் கிடையாது.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊரில் இருக்கிறோம் என்பதற்காக அந்த முத்திரையை லேபிளில் போட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பார்த்துச் செய்யுங்கள்.

போடி, ஏலக்காய்:

தேன்கடை அக்கா சொன்ன எல்லைக் கதை எங்களுக்கும் அப்படியே பொருந்தும். தோட்டம் இடுக்கியில், வீடும் கடையும் போடியில் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். போடிமெட்டு ஏறினால் மாநிலம் மாறிவிடும்.

ஏலக்காயில் பெரிய தலைவலி விலை. போடியிலும் இடுக்கியில் உள்ள புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலம் நடக்கிறது, விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத் தினமும் வெப்சைட்டில் விலையை மாற்றினால் வாங்குகிறவர் மிரண்டுவிடுவார், நேற்று கூடையில் போட்டது இன்று வேறு விலை காட்டும். நான் திங்கட்கிழமை மட்டும் மாற்றுகிறேன். நடுவில் ஏலத்தில் ஏறினால் அந்த வாரம் லாபம் குறையும், அவ்வளவுதான்.

"சூப்பர் மார்க்கெட்டில் இதைவிடக் குறைவு" என்று ஒரு சென்னை அம்மா எழுதினார். அவர் பார்த்தது ஆறு எம்எம் காய், என்னுடையது எட்டு எம்எம்முக்கு மேல். எழுத்தில் விளக்கினால் யாருக்குப் புரியும்? பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்து, அதன் ஓரமாக இரண்டு ரகக் காயையும் வரிசையாக அடுக்கி, வெயில் நேரடியாக விழாத திண்ணையில் வைத்துப் படம் எடுத்தேன். இன்றுவரை என் கடையில் அதிகம் பார்க்கப்படும் படம் அதுதான். அந்த அம்மா அரைக் கிலோ வாங்கினார்.

உள்ளே இருப்பது தெரியட்டும் என்று கண்ணாடிக் கவரில் போடாதீர்கள். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும். பச்சைக்குத்தானே காசு தருகிறார்கள்.

இன்னொன்று, கூரியர் எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதும் ஓர் எடைதான். உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 30க்கு 20க்கு 15 பெட்டியில் அரைக் கிலோ ஏலக்காயைப் போட்டால் கணக்கு 1.8 கிலோ ஆகிவிடும். அதே காய் 20க்கு 15க்கு 10 பெட்டியில் தாராளமாக அடங்கும், அப்போது 0.6 கிலோ. ஏலக்காய், சிப்ஸ், பஞ்சுத் தலையணை என்று எடை இல்லாமல் இடம் அடைக்கிற பொருள் விற்பவர்கள் முதலில் பெட்டி செய்கிறவரைப் பார்த்துவிட்டு அப்புறம் வெப்சைட் செய்கிறவரைப் பாருங்கள்.

நகரி, துண்டும் வேட்டியும்:

எங்கள் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. நாங்கள் இருப்பது ஆந்திரா. திருத்தணி பக்கத்திலேயே இருந்தாலும் சட்டப்படி எங்களுக்கு அதுதான் வெளிமாநிலம்.

என் அனுபவத்தில் சின்னக் கடையைச் சாய்ப்பது கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் போடுவார்கள், பையன் வாசலில் நிற்கும்போது "நான் கேட்கவே இல்லையே" என்பார்கள். துண்டு திரும்பி வரும், போகவர இரண்டு பக்கக் கூலியும் நம் தலையில். அதை அடியோடு நிறுத்தினால் ஆந்திரா ஆர்டர் பாதியாகிவிடும் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவில்லை. கட்டுவதற்கு முன்னால் போன் போடுகிறோம். தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில், "மீ ஆர்டர் கன்ஃபர்ம் சேயமண்டாரா?" என்று என் மனைவி கேட்பார். எடுக்காதவருக்கு மாலையில் இன்னொரு முறை. அப்போதும் எடுக்கவில்லையா, பார்சல் கட்டுவதில்லை. முன்பணம் கட்டுகிறவருக்குச் சின்னத் தள்ளுபடி. திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

எங்களுடையது விசைத்தறித் துணி, அப்படியே எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கடைகள் சில கைத்தறி என்று போட்டுக்கொள்கின்றன. வேகமாக விற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விமர்சனப் பகுதியைப் போய்ப் படித்தால் மீதி தெரியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மிலிட்டரி கேம்ப்பிலிருந்து பேசுகிறேன், இருநூறு துண்டு வேண்டும் என்று ஒருவர் ஹிந்தியில் பேசினார். விலைகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம், துண்டு வாங்குகிற எவரும் பேரம் பேசாமல் விட்டதில்லை. பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். "கேம்ப் வாசலுக்கே வண்டியில் கொண்டு வருகிறேன், கையில் கொடுங்கள்" என்றேன். போனை வைத்துவிட்டார். யாராவது மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

கொழிஞ்சாம்பாறை, செக்கு எண்ணெய்:

நான் புதுசு, அதனால் சின்னதாக ஒன்று. நாங்கள் இருப்பது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா. ஆந்திராவிலும் ஒரு சித்தூர். எனக்கு வர வேண்டிய காலி டப்பாக்கள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டன, டிராக்கிங்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது முகவரியில் ஊருக்குப் பக்கத்திலேயே மாநிலத்தையும் பெரிதாக எழுதச் சொல்கிறேன். பின்கோடு 678101 என்றால் எங்கள் சித்தூர், 517001 என்றால் அவர்களுடையது. 67, 68, 69 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் கேரளா என்று பார்சல் கட்டும் பெண்ணுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?

மார்த்தாண்டம், தேனும் கருப்பட்டியும்:

தம்பி, புது ஆளைப் பிடிக்க விளம்பரம் கொஞ்சம் போடத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது பழைய ஆட்கள். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் இலவசம், அதில் எல்லாப் பொருளையும் ஏற்றிவையுங்கள். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம். நம் நம்பரைப் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போகும், பலருக்கு இது தெரியாது. அதனால் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

எப்போது மெசேஜ் போடுவது என்பதற்குக் கேரளக் காலண்டரைப் பாருங்கள். நம் பக்கம் ஆடி என்றால் வியாபாரம் மந்தம். அவர்களுக்கு அது கர்க்கடகம், மழையும் சுக்குக் காப்பியுமாக இருப்பார்கள், கருப்பட்டி கேட்டு ஆர்டர் குவியும். மழையில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும், ஆகவே கோடைச் சரக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் முன்கூட்டியே அடைத்து வைக்க வேண்டும். அடுத்து ஓணம். திருவோணத்துக்கு முந்தின வாரம் கூரியர் குடோன்களில் பார்சல் மலையாகத் தேங்கும். உங்கள் எண்ணெய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) வறுக்கப் போகிற சரக்கு, ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் பிறப்பதற்கு முன்னாலேயே "இந்தத் தேதிக்குள் ஆர்டர் போட்டால்தான் ஓணத்துக்கு வந்து சேரும்" என்று கடையின் முகப்பில் போட்டுவிடுங்கள்.