பதினாறு, பதினேழு வயதுக் காதலர்கள்மீதும் போக்சோ சட்டம் பாய வேண்டுமா?

கேள்வி: பாடவேளை

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை நான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் 18 வயது நிறைவடையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர் விரும்பி இணங்கினாரா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. வயதில் முதிர்ந்த ஒருவர் சிறுமியின் வாழ்வைச் சீரழிக்கும் வழக்குகளில் இவ்விதி எவ்வளவு தேவை என்பதில் எனக்கு ஐயம் கிடையாது. ஆனால் 17 வயது மாணவியும் 19 வயது இளைஞனும் ஒருவரையொருவர் விரும்பி வீட்டைவிட்டு வெளியேறி, சில நாள்களில் பிடிபட்டால், அவன் சிறைக்கும் அவள் காப்பகத்துக்கும் அனுப்பப்படுவதைப் பார்க்கும்போது, இரண்டையும் ஒரே பிரிவில் அடக்குவது நியாயம்தானா என்று தோன்றுகிறது. வயது வரம்பையே 16 ஆகக் குறைக்க வேண்டுமா, வயதில் நெருங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதுமா, அல்லது சட்டத்தைத் தொடாமல் காவல்துறையின், நீதிமன்றங்களின் விவேகத்தை நம்பி இருக்கலாமா? முன்பு இந்த வரம்பு 16 ஆகத்தான் இருந்தது என்கிறார்கள். அது ஏன் மாறியது என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கறுப்பு அங்கி

மகளிர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இவ்வகை வழக்குகளை நடத்துபவன் என்பதால், என் பார்வை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டே படியுங்கள்.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது இணக்க வயது, அதாவது பாலுறவுக்கு ஒரு பெண் தரும் இணக்கத்தைச் சட்டம் ஏற்கத் தொடங்கும் வயது, 10 தான். கல்கத்தாவில் ஒரு சிறுமி கணவனின் செயலால் உயிரிழந்த வழக்கு நாட்டையே உலுக்கிய பின்னர் 1891இல் அது 12 ஆயிற்று. 1925இல் 14, 1940இல் 16. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நின்ற வரம்பை 18க்கு உயர்த்தியது போக்சோ சட்டம். 2013இல் தண்டனைச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அதே 2013இன் தொடக்கத்தில் அறிக்கை அளித்த, டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, தண்டனைச் சட்டத்தில் 16 என்பதே நீடிக்கட்டும் என்று சொல்லியிருந்தும் அது ஏற்கப்படவில்லை. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 18 தான்.

பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. 2011இல் முன்வைக்கப்பட்ட போக்சோ மசோதாவில், 16 முதல் 18 வயதுவரை உள்ளவர்களின் இணக்கத்தைக் கருத்தில் கொள்ள ஒரு வாசல் திறந்தே வைக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுதான் அதை மூடச் சொன்னது. இணக்கம் என்ற பேச்சு வந்துவிட்டால் குறுக்கு விசாரணை முழுவதும் அந்தப் பெண்ணின் நடத்தையைச் சுற்றியே நடக்கும் என்பது அக்குழுவின் அச்சம். எங்கள் தொழிலை அறிந்தவன் என்ற முறையில், அந்த அச்சத்தைப் பொருளற்றது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாசலை மூடியதோடு, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்சத் தண்டனைகளையும் உயர்த்தியது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் தொடர்பான பாலுறவுக் குற்றத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு. 16 வயதுக்குக் கீழே என்றால் 20 ஆண்டு. பெண் கருவுற்றிருந்தால் அது கடுமையாக்கப்பட்ட குற்றமாகிவிடுவதால், அவள் 17 வயதினளாக இருந்தாலும் குறைந்தபட்சம் 20 ஆண்டுதான். இவற்றுக்குக் கீழே செல்ல நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. எனவே விசாரணை நீதிபதியின் முன்னால் இரண்டே வழிகள்தான் இருக்கின்றன: 19 வயது இளைஞனைப் பத்தாண்டு உள்ளே அனுப்புவது, அல்லது சாட்சியத்தில் ஏதேனும் ஓட்டையைக் கண்டு விடுவிப்பது. அந்தப் பெண்ணே கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சியாகிவிட்டால் நீதிபதியும் நிம்மதியாக மூச்சு விடுவார். அசாம், மகாராட்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரையிலான 7,064 தீர்ப்புகளை ஆராய்ந்த என்ஃபோல்டு அமைப்பின் ஆய்வு, அவற்றில் 24.3 விழுக்காடு காதல் உறவு சார்ந்தவை என்றும், அத்தகையவற்றில் 93.8 விழுக்காடு விடுதலையில் முடிந்தன என்றும் கண்டது. விடுதலை ஆகிவிட்டதே என்று ஆறுதல் கொள்ள முடியாது; ஜாமீனுக்கு முந்தைய சிறைநாள்களையும் நின்றுபோன படிப்பையும் எந்த விடுதலைத் தீர்ப்பும் திருப்பித் தராது.

உங்கள் மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். விவேகத்தை நம்பலாமா என்றால், தமிழ்நாட்டில் அந்த முயற்சி ஓரளவு நடந்துதான் இருக்கிறது. 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் இணக்கமான உறவைச் சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்கலாம், ஆனால் இருவருக்குமான வயது வேறுபாடு ஐந்தாண்டுக்கு மேல் போகக்கூடாது என்ற யோசனையை முன்வைத்தார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் காதல் உறவைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமே அன்று என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர், காதல் உறவு சார்ந்த போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். இவை யாவும் நல்லவையே. ஆயினும் உயர் நீதிமன்றம்வரை போக வசதியுள்ளவனுக்குத்தான் ரத்து கிடைக்கும். சுற்றறிக்கையோ, பெண் வீட்டார் ஆட்களோடு வந்து அனைத்து மகளிர் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்துவிட்டால் ஆய்வாளரின் மேசை அறையிலேயே தங்கிவிடும். பையன் வேறு சாதி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே என் விடை உங்கள் இரண்டாவது யோசனைதான். 18 என்ற வரம்பு அப்படியே நிற்கட்டும். 16 நிறைந்தவர்களுக்கு, வயது வேறுபாடு குறைவாகவும் ஆசிரியர், காப்பாளர், உறவினர் போன்ற அதிகார நிலை இல்லாமலும் இருந்தால், அச்சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட வேண்டும். கனடாவில் 2008இல் இணக்க வயதை 14இலிருந்து 16க்கு உயர்த்தியபோதே, 14, 15 வயதினருக்கு ஐந்தாண்டுக்கும் குறைவான வேறுபாடு என்ற விலக்கையும் சேர்த்தே எழுதினார்கள். 2023இல் 13இலிருந்து 16க்கு உயர்த்திய ஜப்பானும் அதே வழியில்தான் சென்றது. நாம் உயர்த்தியபோது விலக்கை மட்டும் விட்டுவிட்டோம்.

மறுமொழி: நடுமுற்றம்

குழந்தைகள் நலக் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றியவள் நான். வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டச் செய்திகளில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் மனக்கண்ணில் காணும் இணையர்மீதுதான் எனக்கு ஐயம்.

காதல் வழக்கு என்ற பெயரில் எங்கள் முன் வந்தவற்றுள் பையனுக்கும் பெண்ணுக்கும் ஓரிரு வயதே வேறுபாடு என்பவை உண்டு. ஆனால் 15 வயதுப் பெண்ணும் 26 வயது ஆணும் என்பவை அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. இரண்டையும் செய்தித்தாள்கள் ஒரே பெயரால்தான் அழைக்கின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்ட மேற்கு வங்க வழக்கை இளம் காதலர்களுக்குக் கிடைத்த வெற்றி என்று பலர் எழுதினார்கள். நிகழ்வின்போது அந்தப் பெண்ணுக்கு 14 வயது, அவருக்கு 25. அவளுக்கு நேர்ந்த துன்பத்தில் பெரும்பகுதி காவல் நிலையத்தாலும் நீதிமன்ற அலைச்சலாலும் குடும்பம் கைவிட்டதாலும் வந்தது என்று நீதிமன்றம் கண்டது உண்மைதான். ஆனால் அது ஒரு தனி வழக்கில் காட்டப்பட்ட கருணை. அதிலிருந்து பொது விதி எதையும் எடுக்க இயலாது. 2022இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், தாய்மாமனை மணக்கும் வழக்கத்தைச் சுட்டி, தாய்மாமன் பெற்றிருந்த தண்டனையை அதே நீதிமன்றம் நீக்கியதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கும் நிகழ்வின்போது பெண்ணுக்கு வயது 14.

என் அச்சம் இதுதான். விலக்கு வந்த மறுநாளே, பெற்றோர் பேசி முடித்து 16 வயதில் கட்டிக்கொடுத்த திருமணங்கள் எல்லாம் காதல் என்ற பெயரோடு எங்கள் முன்னால் வந்து நிற்கும். கேட்டால் அந்தப் பெண்ணும் ஆம் என்றுதான் சொல்வாள். மாமியார் வெளியே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வாள்? இன்று அவளுக்காக அரசு பேசுவது, அவள் என்ன சொன்னாலும் பொருட்டில்லை என்று சட்டம் சொல்வதால்தான். அந்த ஒரு பிடியையும் விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

மறுமொழி: ஊர்ப் பொது

எனக்கு 16 வயதில் மகளும் 19 வயதில் மகனும் இருக்கிறார்கள். மகளை நினைத்தால் 18 குறையவே கூடாது என்றும், மகனை நினைத்தால் இருபதாண்டுச் சிறையா என்றும் தோன்றுகிறது. இதற்கு மேல் சட்டம் தெரியாது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் சாதிக்காகத்தான் புகார் கொடுக்கிறார்கள் என்பதுபோல எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை இரவு வீடு திரும்பவில்லை என்றால் நாங்கள் வேறு எங்கே போவது?

மறுமொழி: ஆரம்ப சுகாதாரம்

அரசு மருத்துவர் என்ற நிலையிலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கருவுற்ற 17 வயதுப் பெண் எங்களிடம் வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. இது ஊருக்கே தெரியும். அதனால் இரத்தசோகையோடு முதல் மூன்று மாதங்களில் வந்திருக்க வேண்டியவர்கள் எட்டாம் மாதத்தில் வருகிறார்கள். சிலர் வருவதே இல்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வளரிளம் பெண்கள் கருக்கலைப்புக்கு வரும்போது, அவர்களோ அவர்களின் காப்பாளரோ கேட்டுக்கொண்டால், தகவல் அறிக்கையில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. ஆனால் பெயர் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நிலையத்தில் கேட்கும்போது எங்களுக்கு விடை சொல்லத் தெரிவதில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இந்தச் சட்டம் பயன்படுகிறது என்று நடுமுற்றம் அம்மா சொல்வதை ஏற்கிறேன். அதே சட்டம்தான் அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு வரவிடாமலும் செய்கிறது.

மறுமொழி: கறுப்பு அங்கி

நடுமுற்றம் அம்மாவின் எதிர்வாதம் கனமானது. அவர் காட்டிய இரண்டு வழக்குகளும் நான் சொல்லும் விலக்குக்குள் வர மாட்டா. இரண்டிலும் பெண் 16 வயதைத் தொடவில்லை, ஒன்றில் வயது இடைவெளி பதினொன்று, மற்றதில் உறவினர். தெளிவாக எழுதப்பட்ட விலக்கு இல்லாததால்தான் நீதிமன்றங்கள் கருணையை வழக்குக்கு வழக்கு அள்ளித் தெளிக்கின்றன. அது 14 வயதுப் பெண்ணின் வழக்கிலும் போய் விழுகிறது.

பெற்றோர் நடத்திவைக்கும் திருமணம் பற்றிய அவருடைய அச்சத்துக்கு எளிய விடை என்னிடம் இல்லை. திருமணம் ஆகியிருந்தால் விலக்கு கிடையாது என்று எழுதலாமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஓடிப்போகிற பிள்ளைகள் முதலில் செய்வதே ஒரு கோவிலில் தாலி கட்டுவதுதான். அப்படி எழுதினால் விலக்கு யாருக்காக வேண்டுமோ அவர்களே வெளியே நிற்பார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 அப்படியே இருக்கிறது என்பதையும், அதன்படி மணந்த ஆண் மட்டுமன்றி நடத்திவைத்த பெற்றோரும் இரண்டாண்டுவரை சிறை செல்ல நேரும் என்பதையும்தான் இங்கே சொல்ல முடியும். பெற்றோரைத் தொடாமல் மாப்பிள்ளையை மட்டும் இருபதாண்டுக்கு அனுப்பும் இன்றைய நடைமுறையைவிட, நடத்திவைத்தவர்களைப் பிடிக்கும் அந்தச் சட்டம் நேர்மையானது என்பது என் கருத்து. அவர் ஏற்க மாட்டார் என்பது தெரியும்.

இடைவெளி எத்தனை ஆண்டு என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. நீதிபதி பார்த்திபன் ஐந்து என்றார். 2023 செப்டம்பரில் 283ஆவது அறிக்கையை அளித்த சட்ட ஆணையம், வரம்பைக் குறைக்கவும் கூடாது, விலக்கும் கூடாது, 16 முதல் 18 வயதினர் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க மட்டும் நீதிபதிக்கு அதிகாரம் தரலாம் என்று பரிந்துரைத்து, அதற்கும் மூன்றாண்டு இடைவெளியை ஓர் அளவுகோலாக வைத்தது. மூன்று என்பதில் எனக்கு உடன்பாடே. ஆனால் தண்டனைக் குறைப்பு என்பது கைது, சிறை, குற்றப்பத்திரிகை எல்லாம் முடிந்த பிறகு வருவது என்பதால் அது போதாது.

மறுமொழி: பாடவேளை

எல்லாருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. இருவருமே 17 வயது என்றால் என்ன ஆகும்? மேலும், ஒரு மாணவி தன் உறவைப் பற்றி என்னிடம் மனம்விட்டுச் சொன்னால் நானும் தெரிவித்தாக வேண்டுமா?

மறுமொழி: கறுப்பு அங்கி

இருவரும் 17 என்றால், ஏட்டளவில் இருவரும் குழந்தைகள். நடைமுறையில் பெண் பாதிக்கப்பட்டவராகவும் பையன் சட்டத்துக்கு முரண்பட்ட சிறாராகவும் பதிவாகிறார்கள். அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டும் அதற்கு மேலும் உள்ள குற்றம் கொடுங்குற்றம் எனப்படுவதால், 16 நிறைந்த அவனைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடும் 2015ஆம் ஆண்டின் சட்டப்படி நடக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, ஆம். குற்றம் நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19; தவறினால் ஆறு மாதம்வரை சிறை என்கிறது பிரிவு 21. இது காதலா கொடுமையா என்று தரம் பிரிக்கும் உரிமையை ஆசிரியருக்குச் சட்டம் தரவில்லை, கொடுமையை மறைக்கும் நிறுவனங்களை நினைத்தால் தராததற்குக் காரணமும் இருக்கிறது. அதனால்தான், விலக்கை எழுதும்போது தண்டனைப் பிரிவுகளோடு நின்றுவிடாமல் பிரிவு 19ஐயும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்கிறேன். இல்லையென்றால் விலக்கு நீதிமன்றத்தில் இருக்கும், முதல் தகவல் அறிக்கையோ வழக்கம்போலப் பள்ளியிலிருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் புறப்படும்.