பிடித்த அயர்லாந்துப் படங்கள்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

*அக்கா:* அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் அயர்லாந்து மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களைப் பார்ப்பது என்று பேசியிருந்தோம். உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்.

*பெரியப்பா:* ஐயமே இல்லாமல் ஜான் ஃபோர்டு இயக்கி 1952இல் வெளிவந்த ‘தி குவயட் மேன்’. களத்தில் தன் அடிபட்டு எதிராளி இறந்துபோனதால் மனம் வெறுத்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஒருவர், தாம் பிறந்த அயர்லாந்துச் சிற்றூருக்குத் திரும்புகிற கதை. மேயோ பகுதியில் காங் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் படமாக்கினார்கள். ஃபோர்டின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அந்த மண்ணின் மீதான ஏக்கம் ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.

*நான்:* பெரியப்பா, அந்த ஏக்கம்தான் எனக்குத் தடையாக இருக்கிறது. பச்சை வயல்களும் மதுக்கடைப் பாட்டுகளும் கண்ணுக்கு இனியவை. ஆனால் கணவன் மனைவியை வயல்வெளியில் இழுத்துக்கொண்டு போக, ஊரே வேடிக்கை பார்த்தபடி பின்னால் வரும் காட்சியை என்னால் ரசிக்க முடியவில்லை.

*அத்தை:* அந்தக் காட்சியை நானும் ஏற்கவில்லை. ஆயினும் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மொரீன் ஓஹாரா நடித்த மேரி கேட், தன் சீர்ப்பொருள்களையும் பணத்தையும் உடன்பிறந்தவனிடமிருந்து பெற்றுத் தரும்படி கணவனிடம் மன்றாடுகிறாள். அவன் அதை வெறும் பணமாக நினைக்கிறான். அவளுக்கோ அது தாய்வழி வந்த உரிமை, தன் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்பதற்கான ஆதாரம். இறுதியில் பணம் கைக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து அதை நெருப்பில் எறிகிறார்கள். அவள் கேட்டது பணத்துக்காக இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கும் நமக்கும் விளங்குகிறது. அந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை மீண்டும் பார்ப்பேன்.

*நான்:* அத்தை, நீங்கள் சொன்ன பிறகு அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. வீட்டுக்குள் நடப்பதைக் காட்டும் படங்களே எனக்கும் பிடித்தவை. என் தேர்வு, கோம் பேரெட் இயக்கி 2022இல் வெளிவந்த ‘தி குவயட் கேர்ள்’. பெரும்பகுதி ஐரிஷ் மொழியிலேயே பேசும் இந்தப் படம்தான் சிறந்த பன்னாட்டுத் திரைப்படப் பிரிவில் ஆஸ்கார் பரிந்துரை பெற்ற முதல் ஐரிஷ் மொழிப் படம். 1981ஆம் ஆண்டின் கோடையில், பிள்ளைகள் நிறைந்த ஏழை வீட்டில் யாரும் கவனிக்காத சிறுமி ஒருத்தி, தாயின் உறவினர் வீட்டில் சில வாரங்கள் விடப்படுகிறாள். முதலில் அவளோடு பேசத் தயங்கும் அந்த வீட்டுக்காரர், ஒரு நாள் மேசையைக் கடந்து போகும்போது அவளுக்காக ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். பாசத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

*அக்கா:* அந்தப் படத்துக்கு மூலக்கதை எழுதிய கிளேர் கீகனின் மற்றொரு கதைதான் கிலியன் மர்ஃபி நடித்து 2024இல் வெளிவந்த ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’. 1985ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் நியூ ராஸ் ஊரின் நிலக்கரி வணிகர் ஒருவர், கன்னியர் மடத்தின் நிலக்கரிக் கொட்டகையில் அடைத்து வைக்கப்பட்ட பெண்ணைக் காண்கிறார். மக்தலீன் சலவை இல்லங்கள் என்ற பெயரில் இளம்பெண்களைப் பூட்டி வைத்து ஊதியமின்றி உழைக்கச் செய்த அந்த இடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. அரசு 2013இல் மன்னிப்புக் கேட்டது. ஊருக்கே தெரிந்திருந்தும் யாரும் பேசவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

*பெரியப்பா:* ஃபோர்டின் ஏக்கம் தடை என்றால், அயர்லாந்துக்காரரே உள்ளிருந்து எடுத்தால்தான் உண்மை வரும் என்கிறீர்களா? அதே சலவை இல்லங்களைப் பற்றி 2002இல் ‘தி மக்தலீன் சிஸ்டர்ஸ்’ எடுத்த பீட்டர் முல்லன் ஸ்காட்லாந்துக்காரர். அயர்லாந்தின் விடுதலைப் போரையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் பற்றி ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’ எடுத்து 2006இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்ற கென் லோச் ஆங்கிலேயர்.

*நான்:* நீங்கள் சொல்வது சரி, பெரியப்பா. லோச்சின் படத்தில் விடுதலைப் போராளிகள் தாங்களே நடத்தும் குடியரசு நீதிமன்றக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஏழை மூதாட்டியிடம் கொடும் வட்டி வாங்கிய வணிகருக்கு எதிராகப் பெண் நீதிபதி தீர்ப்பளிக்கிறார். ஆயுதம் வாங்கப் பணம் தருபவர் என்பதால் போராளிகளின் தலைவனான, கதைநாயகனின் அண்ணனே அந்த வணிகரைத் தப்புவிக்கிறான். பிரிட்டனோடு செய்துகொண்ட 1921ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் நிற்கப்போவதற்கான விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

*அத்தை:* அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமை ‘தி குவயட் கேர்ள்’ பார்ப்போம். அடுத்த வாரம் அண்ணனின் படம். முல்லனின் படத்தைப் பார்க்கும் நாளில் குழந்தைகளை உடன் அமர்த்த வேண்டாம்.

*பெரியப்பா:* எனக்குச் சம்மதம்.